கீவ் பட்டணத்துக்காக அழுத என் மகனுக்கு

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. சுகமாகத்தான் இருப்பாய். உன் வீட்டை விட்டு நான் கிளம்பியபோது மாடியில் உட்கார்ந்து வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாய். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நானும் பார்த்தேன், ஜன்னல் பக்கம் உன் தலை தெரியவில்லை. என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சரம்மாள் வீட்டில் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு பாய் விரிக்க இன்னும் இடம் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்றே அச்சிலும் வந்துவிடும். சனிக்கிழமைப் பத்திரிகைக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்தாயிற்று. வீட்டு விவகாரத்தை ஊருக்குச் சொல்லலாமா என்று உன் மனைவி கேட்பாள். நீ ஊருக்கு முன்னால் மேடை போட்டுப் பேசினவன். உன் பேச்சை நம்பி ஒரு மனிதன் கையை ஒடித்துக்கொண்டு கிடக்கிறான். ஆகவே நான் சொல்வதையும் ஊர் கேட்கட்டும்.

கீவ் பட்டணத்து வழக்கை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நீதான். மதராஸிலிருந்து வருகிற இங்கிலீஷ் பத்திரிகையை இலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்வாய். ருஷ்ய தேசத்தில் ஒரு கிறிஸ்தவப் பையன் செத்துக் கிடந்தான். பக்கத்துச் செங்கல் சூளையில் கணக்கு வேலை பார்த்த யூதன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யூதர்கள் பஸ்கா பண்டிகை அப்பத்தில் சேர்ப்பதற்குக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் ரத்தத்தை எடுப்பார்களாம். இவனும் அதற்காகத்தான் கொன்றானாம். இரண்டு வருஷத்துக்கு மேல் அவனைச் சிறையில் போட்டு வைத்தார்கள். பேராசிரியர் ஒருவரும் பாதிரியார் ஒருவரும் கோர்ட்டில் ஏறி, யூதர்கள் அப்படிச் செய்கிறவர்கள்தான் என்று சாட்சி சொன்னார்கள். இதையெல்லாம் சொல்லும்போது நீ சோற்றில் கை வைக்கமாட்டாய். உன் மனைவி, "ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்பாள். "எப்பிடி எறங்கும்? ஒரு மனுசனைப் பிடிச்சு ரத்தம் குடிக்கவன்னு சொல்லுதாவ, அதைப் படிச்சவனும் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்று அவளிடம் எரிந்து விழுவாய். பெரும்பாலும் குடியானவர்களாக இருந்த ஜூரி, அவன் குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்ட செய்தி வந்த அன்று திருநெல்வேலி டவுணுக்கு ஆளனுப்பி அல்வா வாங்கித் தெருவுக்கே கொடுத்தாய். எதற்கு அல்வா என்று எதிர்வீட்டார் கேட்டதற்கு, கீவ் பட்டணத்தில் ஒருவனுக்கு விடுதலை ஆகியிருக்கிறது என்று நானே சொன்னேன். உறவுக்காரரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூட ஹாலில் நீ பேசினாய். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் நம் ஜனங்களைச் சவுக்கால் அடிக்கிற செய்தியும் அதே சமயத்தில்தான் வந்துகொண்டிருந்தது. நம் ஜில்லாவிலிருந்தும் கப்பல் ஏறிப்போன குடும்பங்கள் உண்டு. நீ இரண்டையும் சேர்த்துப் பேசினாய். யூதனாகப் பிறந்ததற்காக யூதனை அடிக்கிறவனும், தமிழனாகப் பிறந்ததற்காகத் தமிழனை அடிக்கிறவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்றாய். ஒருவன் குற்றம் செய்தால் அவனைக் கேள், ஒரு குற்றமும் நடக்கும் முன்பே ஒரு கூட்டத்துக்கே குற்றவாளி என்று பேர் எழுதி வைக்காதே என்றாய். முன்வரிசையில் கோர்ட் குமாஸ்தாக்களும் வாத்தியார்மாரும் டவுண் பிள்ளைமாரும் உட்கார்ந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். ஹாலில் விரிப்பதற்குப் பத்தமடையிலிருந்து பாய் கொண்டுவந்திருந்த மீரான் லெப்பை, விரித்துப் போட்டதும் போய்விடாமல் கடைசி வரைக்கும் தூணோரமாக நின்று கேட்டார். பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, ஒங்க மவன் இன்னைக்கு எங்க மனசுல கெடந்ததைப் பேசிட்டாவ" என்று சொல்லிவிட்டுப் போனார். கை தட்டினவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அந்த மனிதர் மட்டும் நீ சொன்னதை நிஜம் என்று எடுத்துக்கொண்டார்.

நீ எப்போதுமே இப்படிப்பட்டவன்தான் என்று சொல்லவந்தால் அது பொய். நீ நல்ல பிள்ளையாக இருந்தாய், அதனால்தான் இந்தக் கோபம். பத்து வருஷத்துக்கு முன்னால், நீ மெட்ரிகுலேஷன் வகுப்பில் இருந்தபோது, ருஷ்யாவில் வேறொரு ஊரில் ஈஸ்டர் பண்டிகை அன்றே யூதர் வீடுகளை உடைத்து ஆட்களை அடித்துக் கொன்றார்கள். அங்கேயும் ஒரு பையனின் சாவு, இதே ரத்தக் கதை. செய்தி மிஷன் மாசிகையில் மூலையில் நாலு வரி வந்தது. வேதபாட வகுப்பில் நீ எழுந்து, "ஐயரே, அடிச்சவங்க கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோடதானே அடிச்சிருக்காங்க?" என்று கேட்டாய். அப்போது இருந்த பாதிரி ஐயர் உன்னை வெளியே போகச் சொன்னார். வெளியே போகிறவன் சும்மா போகாமல், "பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனாய். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அன்று உனக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டினேன்.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஊரில் ஆற்றின் மேல் எது கட்டினாலும், பாலமோ மதகோ, தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கும் என்கிற பேச்சு கிளம்பிவிடும். உனக்கு ஐந்து வயதில் ஒரு மதகு கட்டினார்கள். பிள்ளை பிடிக்கக் குறவர்கள் அலைகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. உடம்பில் தழும்பு இருக்கிற பிள்ளை பலிக்கு ஆகாது என்று வீட்டுக்கு வீடு தலைச்சன் பிள்ளைகளின் காலில் மஞ்சளைச் சுட்டு வைத்தார்கள். ஹெட்மாஸ்டராக இருந்தவர், ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், உன் அப்பா, அவரும் மஞ்சளை நெருப்பில் போட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டார். "நமக்கு நம்பிக்கை இல்லட்டீ, ஆனா ஒரு தைரியத்துக்கு" என்றார். நான் மஞ்சளை இடுக்கியோடு பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சில்லை. உன் காலில் தழும்பு இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன், அன்றைக்கு என் பிள்ளைக்குச் சூடு வைக்கக்கூடாது என்று மட்டும்தான் சண்டை போட்டேன். குறவர்கள் எதற்குப் பிள்ளை பிடிக்கவேண்டும், யார் பார்த்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்தால் கொடியில் காய்கிற துணியை எண்ணிப் பார்க்கிற வழக்கம் எனக்கும் இருந்தது. கீவ் பட்டணத்தை நீ வாசித்துக் காட்டிய பிறகுதான் அது விட்டது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு யூதனை அப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டபோதுதான், நான் முறம் விற்கிறவளை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. அந்த நன்றிக்கடன் உனக்கு நான் என்றைக்கும் பட்டிருக்கிறேன். இப்போது நீ அந்தப் பார்வையைப் பிடுங்கி மறுபடியும் என்னைப் பழைய இடத்தில் உட்காரச் சொல்கிறாய், நான் உட்காரமாட்டேன்.

வெள்ளச்சியை உனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் நீ சொல்ல முடியும். உன்னைப்போல் படித்தவர்களுக்கு எதையும் சொல்ல முடியும். எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். போன ஆடி மாசம், மண்ணை வாரி இறைக்கிற காற்று. நீ கொக்கிரகுளம் கோர்ட்டுக்குப் போயிருந்தாய், உன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நம் வீட்டுப் பின்வாசலில் முறம் விற்க வந்த நிறைமாதக் குறத்தி, இந்த வெள்ளச்சி, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் சடையன் கழுதைகளை ஓட்டிக்கொண்டு கருப்பட்டிப் பொதி ஏற்றப் போயிருந்தான். அந்தக் காலத்தில் உப்புப் பொதி ஏற்றினவர்கள், ரயில் வந்து அந்தப் பிழைப்பு போயிற்று. மருத்துவச்சிக்கு ஆளனுப்பினேன். "கொறத்திக்கெல்லாம் நான் பாக்கமாட்டேம்மா" என்று சொல்லியனுப்பினாள். தொழுவத்தில் வைக்கோலை விரித்து நானே பார்த்தேன். கொடியை அறுத்தது என் தையல் கத்தரிக்கோல். பெண் பிள்ளை, கொய்யாப்பழத்து உள்பக்கம்போல நிறம். நீ சாயங்காலம் வந்து தொழுவத்துச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாய். "என்ன பிள்ளைம்மா?" என்று கேட்டாய். பெட்டியைத் திறந்து உன் பழைய வேஷ்டியை நீயேதான் எடுத்துக் கொடுத்தாய், அதைக் கிழித்துத்தான் சுற்றினேன். உன் மனைவி திரும்பி வந்து தொழுவத்தைக் கழுவி விடச் சொன்னாள், ஒரு தரம் போதாதென்று இன்னொரு தரமும். தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்கு வருஷம் தவறாமல் பாட்டுப் பாடுகிற வீடு நம்முடையது.

அப்புறம் இந்தக் கார்த்திகையில் கிழக்கே ஆற்றுப் பாலத்து வேலை. தூண் ஒன்று நிற்கமாட்டேன் என்கிறது, தலை கேட்கிறது என்று கதை கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மரக்கடைக்காரர் வீட்டுப் பையனைக் காணோம். அவன் புன்னக்காயலுக்குப் போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு கடல் பார்க்கப் போயிருந்தான். மூன்றாம் நாள் காலையில் கால்சட்டைப் பை நிறைய சிப்பியோடு வந்து சேர்ந்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் மத்தியானமே ஊர் சடையனைப் பிடித்துவிட்டது. சந்தையிலிருந்து கழுதையை ஓட்டிக்கொண்டு அவனும் வெள்ளச்சியும் வந்துகொண்டிருந்தார்கள். கழுதையின் மேல் மூடிபோட்ட பெரிய கூடை, அதற்குள்ளிருந்து அழுகைச் சத்தம். கூட்டத்தின் முன்னால் நின்றவன் உன் மச்சினன். சத்தம் கேட்டு நான் தெருவுக்கு வந்தபோது அவன் கூடையைத் திறந்து பிள்ளையைத் தூக்கிவிட்டான்.

"ஏலே, பிள்ளை இங்கன கெடக்குலே" என்று கத்தினான். காணாமல் போனது எட்டு வயதுப் பையன், கையில் இருப்பது கைக்குழந்தை. அதை ஒருவரும் கேட்கவில்லை. "கொறத்திக்கு இம்புட்டுச் செவப்பா பிள்ளை பொறக்குமாவே? எந்த வீட்டுப் பிள்ளைய தூக்கிட்டு வாராளோ" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையை ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்கி வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். அது பாலுக்கு அழுதது. வெள்ளச்சி ரவிக்கை நனைந்து நிற்கிறாள், அதையும் ஒருவரும் பார்க்கவில்லை. நான் கூட்டத்துக்குள் புகுந்து, "இது நம்ம தொழுவுல பொறந்த பிள்ளை, நான்தான் எடுத்தேன்" என்று சொன்னேன். உன் மச்சினன் என் தோளைப் பிடித்து ஒதுக்கி, "அத்தை, நீங்க உள்ள போங்க, ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒன்றும் தெரியாதாம்.

அப்போதுதான் மீரான் லெப்பை வந்தார். பாய்க்கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சடையனுக்கு முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, பைய, பைய. அன்னைக்கு ஹால்ல வக்கீலய்யா பேசினதை நீங்களும் கேட்டிய. ருஷ்யாவுல செங்கச் சூளைக்காரனை இப்பிடித்தானே பிடிச்சாவ. நாமளும் அதையே செய்யலாமா? போலீசு வரட்டும், விசாரிக்கட்டும்" என்றார். ஓங்கியிருந்த கம்புகள் ஒரு நிமிஷம் இறங்கின. நான் பார்த்தேன், உன் பேச்சைக் கேட்டுக் கை தட்டின மூன்று நான்கு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் நின்றிருக்கும். உன் மச்சினன்தான், "துலுக்கனுக்கும் கொறவனுக்கும் என்னவே சம்பந்தம்?" என்று கேட்டுக்கொண்டே கம்பை வீசினான். லெப்பை கையைக் குறுக்கே கொடுத்தார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு சடையனை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. போலீஸ் வந்து அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவனைப் பிடித்துக்கொண்டு போயிற்று, கூடையில் இருந்த பிள்ளையைத் திருடினான் என்று. மரக்கடைக்காரர் பையன் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. பிள்ளையை மிஷன் அனாதை விடுதியில் ஒப்படைத்தார்கள். ஏட்டையாவிடம் நான் நடந்ததைச் சொன்னேன். "ஒங்க மவன் வக்கீலய்யாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேம்மா" என்றார். கேட்டாரா, நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என்னை விசாரிக்க ஒருவரும் வரவில்லை.

லெப்பை பிராது கொடுத்திருக்கிறார். உன் மச்சினனுக்காக நீ ஆஜராகிறாய். அன்று சாப்பாட்டு நேரத்தில் உன் வழக்கை நீயே எனக்கு விளக்கிச் சொன்னாய், கீவ் வழக்கைச் சொன்ன அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு. "அம்மா, திருட்டுப்போன பிள்ளைய மீட்கத்தான் இவங்க போனாங்கன்னு சொன்னா அடிதடி லேசாப் போயிரும். பிள்ளை கொறத்தி பிள்ளை இல்லங்கிறதுக்கு அது நெறமே போதும். எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் பாத்தவுடனே சந்தேகம் வந்துரும்" என்றாய். எனக்கு முதலில் நீ பேசுகிறாயா என்றே சந்தேகம். "ஏலே, நீதானே வேட்டி எடுத்துக் கொடுத்தே?" என்று கேட்டேன். "கோர்ட்டுல உண்மைய கேக்கமாட்டாங்கம்மா, நிரூபணத்தைத்தான் கேப்பாங்க" என்றாய். "அந்த யூதனுக்கு?" என்றேன். "அது ருஷ்யா, இது நம்ம குடும்பம்" என்றாய். சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாய். சோறு உனக்கு நன்றாக இறங்கியது.

அந்த வார்த்தைதான் என்னை வீட்டை விட்டு வெளியேற்றியது. உன் மனைவியோ மச்சினனோ இல்லை. அவர்கள் கீவ் பட்டணத்துக்கு அழவில்லை, அதனால் அவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. தூரத்தில் நடக்கிற அநியாயத்துக்கு அழுவதில் செலவு ஒன்றும் கிடையாது, அதற்காக உன்னை ஒருவரும் கல்யாண வீட்டில் ஒதுக்கிவைக்கப் போவதில்லை. ஆனால் அந்த அழுகை பொய் என்றும் நான் நினைக்கவில்லை. பொய்யாக இருந்தால் லெப்பைக்கு அது ஒட்டியிருக்காது, எனக்கும் ஒட்டியிருக்காது. நீ நிஜமாகத்தான் அழுதாய். ருஷ்யாவில் யூதன் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கொதித்தாய். இங்கே சர்க்கார் புதிதாகச் சட்டம் போட்டு, குறவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பேரெழுதி, கைரேகை எடுத்து, ஊர் விட்டு ஊர் போகவேண்டுமானால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லப்போகிறார்கள் என்பதை எனக்குச் சொன்னவனும் நீதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்தவன் நீ. தெரியாதவன் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டு, அந்தத் தெரிந்ததையே உன் மச்சினனுக்குக் கவசமாக மாட்டிவிடுகிறாயே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

நேற்று அனாதை விடுதிப் பக்கம் போனேன். வாசலுக்கு வெளியே வேலியோரம் வெள்ளச்சி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பிடித்துவைத்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறாளாம். உள்ளே பிள்ளைக்குப் பசும்பால் கரைத்துப் புகட்டுகிறார்கள், அது சரியாகக் குடிக்கவில்லை. அழுதால் வெளியே கேட்கிறது. கேட்டதும் இவளுக்குப் பால் கட்டி மார் நெறிக்கிறது, சுவர்ப் பக்கம் திரும்பிப் பீய்ச்சி மண்ணில் விடுகிறாள். விடுதி மேட்ரனிடம் அவளை உள்ளே விடச் சொன்னேன். "தீர்ப்பு வராம விட்டா நாங்க பதில் சொல்லணுமே டீச்சர்" என்றாள். அவள் என்னிடம் படித்தவள், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வெள்ளச்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தாயி, செவப்பா பொறந்தது ஒரு குத்தமா?" என்றாள். இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுதியனுப்பு, நான் போய்ச் சொல்கிறேன். நீ ஜெயித்தால் அவளுக்குப் பிள்ளை இல்லை. சடையன் ஜெயிலுக்குப் போவான், லெப்பை ஒடிந்த கையோடு பத்தமடைக்குத் திரும்புவார், உன் மச்சினன் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். பிள்ளை இருக்கும்போதே அவளுக்குப் பிள்ளை செத்ததற்குச் சமம்.

தாய் என்றால் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள். வக்காலத்தைத் திருப்பிக் கொடு. உன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு பத்தமடைக்குப் போ, லெப்பை வீட்டுக் கதவைத் தட்டு, அவனையே தப்பை ஒத்துக்கொள்ளச் சொல். அவன் மாட்டேன் என்றால் நீ மட்டும் போ. மாமனார் வீட்டில் முகம் சுளிப்பார்கள், உன் மனைவி கொஞ்ச நாள் பேசமாட்டாள். நானும் உன் அப்பாவும் பேசாமல் இருந்திருக்கிறோம், அதனால் குடும்பம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. அடுத்த தடவை மேடையில் ஏறும்போது, உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருப்பதை முதலில் பேசு. அப்புறம் ருஷ்யாவுக்குப் போ. ருஷ்யாவைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சூளைக்காரனைப் பற்றிக் கேட்டிருக்காவிட்டால் நானும் அன்றைக்குத் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன். அவன் பட்ட பாடு எங்கேயோ இருக்கிற ஒரு கிழவிக்குக் கண்ணைத் திறந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை.

நீ வக்காலத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டாய் என்று என் மனசு சொல்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதா. அப்படியானால் திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் பார்ப்போம். லெப்பையின் வக்கீல் என்னைச் சாட்சி போட்டிருக்கிறார், சம்மன் வாங்கிவிட்டேன். வயதான காலத்தில் கூண்டில் ஏறி நிற்பது எனக்குப் பெருமையாக இல்லை. அதுவும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்திருக்கப்போகிறவன் நான் பெற்றவன். தயங்காதே, கேட்க வேண்டியதையெல்லாம் கேள். வயசாகிவிட்டது, கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிப் பார். குறவர்கள் மேல் பரிதாபப்பட்டுப் பேசுகிறாள் என்று சொல்லிப் பார். மகனோடு மனஸ்தாபம் என்று சொல்லிப் பார், அது உண்மைதான், ஒத்துக்கொள்வேன். கடைசியில் நீ வைத்திருக்கிற அந்தக் கேள்விக்கு வருவாய். பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, தாய் என்கிறவளைப் பக்கத்தில் நிறுத்தி, இந்தக் கறுப்பிக்கு இந்தச் சிவப்புப் பிள்ளை பிறந்தது என்று யார் நம்புவார்கள் என்று கேட்பாய்.

நீ பிறந்ததிலிருந்தே உன் அப்பா நிறம், அட்டைக் கறுப்பு. நான் இந்த வயதிலும் என் அம்மா நிறம், நல்ல சிவப்பு. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பாளையங்கோட்டைத் தெருவெல்லாம் நடந்திருக்கிறேன், ரயிலில் போயிருக்கிறேன், திருச்செந்தூர் வரை வண்டியில் போயிருக்கிறேன். ஒரு மனிதன் வழிமறித்து, இது யார் பிள்ளை, எங்கே திருடினாய் என்று கேட்டதில்லை. திங்கட்கிழமை நீ அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்ததும், மாஜிஸ்திரேட் துரையிடம் ஒரே ஒரு விண்ணப்பம் செய்துகொள்வேன். முதலில் வக்கீலுடைய முகத்தைப் பாருங்கள், அப்புறம் என் முகத்தைப் பாருங்கள், பார்த்துவிட்டு இவன் யார் பிள்ளை என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்பேன்.